மந்திரியானால் தொகுதி காலி!

கேள்வி: அந்தக் கால இங்கிலாந்தில் ஒருவர் மந்திரியானதும் அவருடைய தொகுதியில் இடைத்தேர்தல் வைப்பார்களாமே, ஏன்?

பதில்: மக்களிடம் மறுபடியும் சம்மதம் கேட்கும் பெருந்தன்மை என்பது பிற்காலக் கதை. உண்மைக் காரணம் ராஜாவின் மேல் இருந்த சந்தேகம். சம்பளப் பதவியைக் காட்டி உறுப்பினர்களை வளைத்துப் போடுகிறார் என்று இங்கிலாந்து நாடாளுமன்றம் பயந்தது. அரசரிடம் சம்பளம் வாங்குபவர் சபையில் உட்காரவே கூடாது என்று 1701-இல் சட்டம் போட்டார்கள். அமலாகும் முன்பே அதைத் தளர்த்தி, பதவி ஏற்றால் இடம் காலி, மறுபடி நின்று ஜெயித்தால் இரண்டும் உண்டு என்றார்கள். கனடா, ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கும் இந்த வழக்கம் கப்பலேறியது.

கேள்வி: அப்படி நின்று தோற்றவர் உண்டா?

பதில்: சர்ச்சிலே உண்டு. 1908-இல் வர்த்தகத் துறை மந்திரியாகி, மான்செஸ்டரில் 429 வாக்குகளில் தோற்றார். அடுத்த மாதமே டண்டீ தொகுதியில் நின்று ஜெயித்தார்.

கேள்வி: ஒட்டாவா எப்படிக் கனடாவின் தலைநகரானது?

பதில்: விக்டோரியா மகாராணி தேர்ந்தெடுத்தார். அதைவிட ருசியான கதை, அந்தத் தேர்வு கிளப்பிய கலாட்டா. 1858 ஜூலையில் சபை ஒட்டாவாவை நிராகரிக்க, மெக்டொனால்ட்-கார்ட்டியே மந்திரிசபை விலகியது. எதிரணியின் ஜார்ஜ் பிரவுன் ஆகஸ்ட் 2 அன்று பதவியேற்றார். ஏற்றதுமே அவருக்கும் சகாக்களுக்கும் சபையில் இடம் காலி! நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது உள்ளே போய் ஓட்டுப்போடக்கூட வழியில்லை. இரண்டே நாளில் ஆட்சி முடிந்தது.

பழைய மந்திரிகள் திரும்பினால் அவர்களுக்கும் இடைத்தேர்தல்தானே? சட்டம் வாசல் வைத்தால் வக்கீல் புழக்கடையைத் தேடுவார்; மெக்டொனால்ட், கார்ட்டியே இருவருமே வக்கீல்கள். பதவி விலகிய ஒரு மாதத்துக்குள் வேறு பதவி ஏற்றால் தேர்தல் வேண்டாம் என்று 1857-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அட்டர்னி ஜெனரலாக இருந்த மெக்டொனால்ட் ஆகஸ்ட் 6 அன்று தபால் மந்திரியானார். மறுநாளே பழைய நாற்காலிக்குத் திரும்பினார். சகாக்களும் அப்படியே இலாகா மாறி மீண்டார்கள். 'டபுள் ஷஃபிள்' என்று ஊர் சிரித்தது. நீதிமன்றமோ, சட்டப்படி சரி என்றது. ஒரு நாள் தபால் மந்திரி ஒரு கடிதத்துக்காவது முத்திரை குத்தினாரா என்று யாரும் கேட்கவில்லை.

கேள்வி: நம் நாட்டில்?

பதில்: இங்கே வரிசை தலைகீழ். மந்திரி பதவியை ஆதாயப் பதவியாகக் கருதுவதில்லை. அதனால் இடம் போகாது. உறுப்பினர் அல்லாதவரும் மந்திரியாகலாம், 6 மாதத்துக்குள் சபைக்குத் தேர்வானால் போதும். இதிலும் புழக்கடை இருந்தது: 6 மாதம் முடிந்ததும் விலகி, சில காலம் கழித்து, தேர்தலில் நிற்காமலே மறுபடி பதவியேற்பது. பிரிட்டன் 1926-இலும் கனடா 1931-இலும் பழைய விதியையே தலைமுழுகின. நம் உச்ச நீதிமன்றம் 2001-இல், ஒரு பஞ்சாப் வழக்கில், இந்தப் புழக்கடைக்குப் பூட்டுப் போட்டது.