வராக்கடன் என்று எழுதப்பட்ட பின்

வங்கி ஒரு கடனை வராக்கடன் என்று தன் ஏட்டில் எழுதிவிட்டால் அத்துடன் அந்தப் பாக்கி தீர்ந்துபோயிற்று என்ற எண்ணம் படித்தவர்களிடையேயும் பரவலாக இருக்கிறது. வங்கியார் அவ்வாறு எழுதுவது தங்கள் ஐந்தொகையைச் சீர்செய்து கொள்வதற்கேயன்றிக் கடன்பட்டவரை விடுவிப்பதற்காக அன்று. பாக்கி பாக்கியாகவே நிற்க, சிபில் முதலிய கடன் தகவல் ஸ்தாபனங்களின் அறிக்கையில் 'ரைட் ஆஃப்' என்ற குறிப்பும் புதிதாக ஏறிக்கொள்கிறது. திருப்பூரில் நான் வேலை பார்த்த பின்னலாடைக் கம்பெனி மூடப்பட்டு, கடன் அட்டைப் பாக்கி நின்றுபோய், பல ஆண்டுகளுக்குப் பின் நிலையான வருமானம் ஏற்பட்டு, வேறொரு வங்கியில் அட்டைக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட சந்தர்ப்பத்தில்தான் இந்த உண்மை எனக்கு முழுமையாக விளங்கியது.

நிராகரிப்புக்கு உரிய காரணத்தை வங்கி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதி. அதைக் கேட்டுப் பெறும் முன்பே அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று விண்ணப்பித்துக்கொண்டே போவது விவேகமன்று. ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகி, பணத்துக்கு அலைபவர் என்ற அபிப்பிராயத்தை அடுத்தவரிடம் உண்டாக்கும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. நான்கையும் தருவித்துப் படித்ததால், என் கடன் ஓர் அறிக்கையில் பழைய வங்கியின் பெயரிலும், மற்றொன்றில் அதை விலைக்கு வாங்கிய சொத்து மறுசீரமைப்புக் கம்பெனியின் பெயரிலும் இருப்பதைக் கண்டேன். பணத்தை யாரிடம் கட்டுவது என்பதை எழுத்தில் நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. பிழையைத் திருத்தக் கோரும் புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்கத் தவறினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதற்குப் பிறகு வருவது. "சார், பாதி கட்டுங்க, மீதியை விட்டுடறோம், இந்த மாசத்தோட இந்த ஆஃபர் முடியுது" என்று வசூல் முகவர் தொலைபேசியில் சொல்லும்போது அது பெரிய அனுகூலமாகவே தோன்றும். ஆனால் அவ்வாறு கட்டினால் அறிக்கையில் ஏறுவது 'செட்டில்டு' என்ற குறிப்பு. கடன் கொடுத்தவர் ஒரு பகுதியை இழந்தார் என்று அடுத்து வரும் ஒவ்வொரு வங்கிக்கும் அது அறிவித்துக்கொண்டே இருக்கும். முழுத்தொகையும் செலுத்தப்பட்டால் கணக்கு முடிந்தது என்றே அறிக்கை அனுப்புவோம் என்ற உறுதியை முன்கூட்டியே கடிதமாகப் பெற்றுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தைக் கட்டி, பாக்கியில்லாச் சான்றிதழையும் வாங்கினேன். முழுத்தொகைக்கு வழியே இல்லாதவர்கள் செட்டில்மென்ட்டை ஏற்பதில் தவறில்லை. விட்டுக்கொடுத்த மீதியைப் பிற்காலத்தில் கட்டிக் குறிப்பை மாற்றக் கோரலாம். பணம் தந்தால் சிபில் பதிவையே அழித்துத் தருவதாகச் சொல்வோரை மட்டும் நம்பலாகாது. உண்மையான பதிவை அழிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருப்பதற்குச் சட்டமே இடம் வகுத்திருக்கிறது.

அட்டை கிடைத்த வழி எளியது. கடன் பாக்கி வைத்த வங்கியை ஒதுக்கிவிட்டு (அவர்களுடைய சொந்த ஏடு எந்தச் சிபிலையும் விட நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும்) வேறொரு வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன்மேல் அட்டை கேட்டேன். "டெபாசிட் எங்க கையில இருக்கறப்போ பழைய கதை எதுக்கு சார்" என்றார் கிளை மேலாளர். டெபாசிட் தொகையில் பெரும்பகுதி, பல வங்கிகளில் 75 முதல் 90 சதவீதம் வரை, செலவு வரம்பாகக் கிடைக்கும். வைப்புக்குரிய வட்டியும் நிற்காது. இந்த அட்டையின் விவரம் நான்கு ஸ்தாபனங்களுக்கும் அனுப்பப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அத்தியாவசியம். இல்லாவிடில் இத்தனை பிரயாசையும் எவர் கண்ணிலும் படாது.

வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் மட்டும் அதைப் பயன்படுத்தி, குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தாமல் மாதாமாதம் முழுவதையும் கட்டி வந்தேன். ஆண்டு வட்டி 40 சதவீதத்தை ஒட்டி ஓடும் அட்டையில் மீதி வைப்பது பழைய நிலைமையை மீண்டும் அழைத்து வருவதாகும். கடன் மதிப்பெண் மெல்ல ஏறி, டெபாசிட் இல்லாத அட்டையைத் தர அதே வங்கி தானாக முன்வந்தது. அப்போது டெபாசிட் அட்டையை உடனே ரத்து செய்துவிட வேண்டாம் என்று நண்பர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் கணக்கின் வயதும் மதிப்பெண்ணில் சேருகிறது. அந்த டெபாசிட்டை நான் இன்றும் புதுப்பித்து வருகிறேன்.