கதிர்காமக் காட்டுவழி: வள்ளியே பயந்த யானைக்கு நாங்களும் பயப்படுவம்

ஓம் சரவணபவ 🙏



ஆடிவேல் விழா நெருங்கினால் எங்கட குழுவுக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணா, காட்டுவழிப் பாதை எப்ப திறக்கிறாங்கள்? நாங்களும் வரலாமா?" வரலாம். கட்டாயம் வாங்கோ. ஆனால் வர முதல் இந்தப் பாடத்தை ஒருக்கா முழுசா வாசிச்சிட்டு வாங்கோ. என்ன சாப்பாடு கட்டுறது, எத்தனை சோடி உடுப்பு எடுக்கிறது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கினம். காட்டில இருக்கிற உயிர்களுக்கு முன்னால எப்பிடி நடந்துகொள்ள வேணும் என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

*நாங்கள் நடக்கிற இடம் எது?*

யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக வருகிற பாதயாத்திரை, பொத்துவிலுக்கு அப்பால் உகந்தை முருகனிடம் வந்து நிற்கும். அதற்குப் பிறகு காடுதான். உகந்தையைத் தாண்டினால் குமண தேசியப் பூங்கா. குமுக்கன் ஆற்றைக் கடந்தால் யால தேசியப் பூங்கா. நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி நடந்துதான் கதிர்காமம் போய்ச் சேருகிறோம்.

யால 1938 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர். சாதாரண நாளில் சுற்றுலா வருகிறவர்கள் கண்ட இடத்தில வாகனத்தை விட்டு இறங்கக்கூட ஏலாது. அப்படிப்பட்ட காட்டை, கால்நடையாகப் போகிற எங்களுக்காக வருசத்தில ஒருக்கா, சில நாட்களுக்கு மட்டும் திறந்து விடுகிறார்கள். இது எங்கட மூதாதையர் நடந்து நடந்து காப்பாற்றித் தந்த வழி. நாங்கள் ஒழுங்காக நடந்தால்தான் எங்களுக்குப் பின்னால வாற பிள்ளைகளுக்கும் இது திறக்கும்.

*நான் செய்த பிழை*

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம்தான். ஆனாலும் சொல்லுறன்.

நான் முதல் வருசம் போகேக்க எனக்கு 19 வயசு. நாவலடி தாண்டி ஒரு பின்னேரம். தண்ணி மொண்டுபோட்டு நடக்கிற நேரம், குளக்கரையில ஒரு யானை தனியா நின்றது. தந்தம் இல்லை. "தந்தம் இல்லாட்டி பெண் யானைதானே, ஒண்டும் செய்யாது" என்று நானே முடிவு கட்டினேன். பாதையை விட்டு இறங்கி, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருபது அடி முன்னுக்குப் போனேன். ஃபிளாஷ் போட்டிருந்தது ஞாபகம் இல்லை.

வெளிச்சம் பட்டதும் அது காதை விரிச்சது. மண்ணை அள்ளி எறிஞ்சது. பத்துப் பதினைந்து எட்டு ஓடி வந்து நின்று விட்டது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எனக்குப் பின்னால நின்ற சனம் சிதறி ஓடினது. எங்கட குழுவில வந்த ஒரு அம்மம்மா முள்ளுப் பற்றைக்குள்ள விழுந்து கால் பிசகிப் போச்சு. ஒரு மாதத்துக்கு மேல நடந்து வந்தவ. மகனுக்காக வைச்ச நேர்த்தி. கதிர்காமம் இன்னும் இரண்டு நாள் நடை. அவவை உழவு இயந்திரத்தில ஏத்தித்தான் அனுப்பினம்.

ஏறேக்க என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "முருகன் கூப்பிட்டா நான் அடுத்த வருசம் வருவன் அப்பன். நீ அந்தப் படத்தை அழிச்சுப் போடு."

அழிச்சேன். அந்தப் பாதையை ஒவ்வொரு வருசமும் நடக்கேக்க அந்த இடம் வரும். ஒவ்வொரு தடவையும் தலை குனியும்.

*வள்ளி கதையில ஒரு விசயம்*

எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். முருகன் கிழவராக வந்து வள்ளியைக் கேட்கிறார். வள்ளி மசியவில்லை. அண்ணன் பிள்ளையாரை நினைக்கிறார். பிள்ளையார் யானையாக வந்து நிற்கிறார். வள்ளி பயந்து ஓடி வந்து கிழவரைக் கட்டிப் பிடிக்கிறா.

இதைக் காதல் கதையாகத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். இப்ப வேறொரு பக்கத்தால பாருங்கோ. வள்ளி யார்? வேடர் குலத்தில வளர்ந்த பிள்ளை. பரண் மேல நின்று தினைப்புனம் காத்தவ. காட்டின் ஒவ்வொரு சத்தமும் அவவுக்குப் பழக்கம். அப்படிப்பட்ட வள்ளியே யானையைக் கண்டதும் பயந்தா. காட்டில பிறந்தவைக்குத்தான் யானையின் பெருமை தெரியும். நகரத்தில இருந்து வந்த எங்களுக்குத்தான் கிட்டப்போய்ப் படம் எடுக்கத் துணிவு வருகுது.

ஆகவே, பயப்படுகிறது பக்திக் குறைவு இல்லை. "முருகன் இருக்கிறார், யானை என்ன செய்யும்?" என்று நெஞ்சை நிமிர்த்துகிறது பக்தியும் இல்லை. முருகன் எங்களுக்கு மட்டுமா முருகன்? மயிலும் சேவலும் அவருடையது. பிணிமுகம் என்ற யானையும் அவருடைய வாகனம். நாங்கள் விருந்தாளியாகப் போகிறோம். வீட்டுக்காரரின் பிள்ளைகளைச் சீண்டிக்கொண்டு விருந்துக்குப் போகலாமா?

*காட்டுவழியில் கடைப்பிடிக்க வேண்டியவை*

*1. தனியாகவும் இருட்டிலும் நடக்காதேங்கோ.* குழுவாக நடவுங்கோ. பாதை தெரிஞ்ச மூத்த சாமி முன்னுக்கு, பலமான ஒருத்தர் கடைசியில, வயசானவர்களும் பிள்ளைகளும் நடுவில. மாலை மங்க முதல் தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்திட வேணும். இரவில ஒதுங்கப் போனாலும் ரோர்ச் இல்லாமல், துணை இல்லாமல் போகக்கூடாது. பாம்பும் அந்த நேரம்தான் வெளிய வரும்.

*2. எப்ப அரோகரா, எப்ப மௌனம்.* பற்றை அடர்ந்த இடத்தில அரோகரா சொல்லிக்கொண்டே நடவுங்கோ. ஆள் வருகுது என்று மிருகங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சால் அவை தாமாகவே விலகும். ஆனால் யானை கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு சத்தம் போடக்கூடாது. சீக்காய் அடிக்கிறது, சங்கு ஊதுறது, பாட்டுப் போடுறது எல்லாம் நிப்பாட்ட வேணும். அந்த நேரம் மந்திரம் மனசுக்குள்ள.

*3. யானையின் பாஷை.* காதை விரிச்சு அசையாமல் நின்றால், தலையை உலுப்பினால், மண் எறிஞ்சால், "போதும், நில்" என்று சொல்லுகுது. அதைக் காண முதலே விலகியிருக்க வேணும். கண்டால் மெல்ல மெல்லப் பின்வாங்குங்கோ. அது போகிற வழியை மறிக்காதேங்கோ. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில போகவே கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் இடையில எண்ணெய் மாதிரிக் கசிஞ்சிருந்தால் அது மதம் கொண்ட யானை. இன்னும் அதிக தூரம் தள்ளி நில்லுங்கோ.

எங்கட நாட்டில ஆண் யானைகளிலேயே மிகச் சிலதுக்குத்தான் தந்தம் இருக்கு. தந்தம் இல்லாமல் தனியா நிற்கிறது அனேகமாக ஆண் யானை. நான் அன்றைக்கு இதை அறிந்திருக்கவில்லை. இன்னொன்று: யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில வரக்கூடியது. முதுகில மூட்டையோட, முள்ளுக்குள்ள, அந்த வேகத்தில ஓட உங்களால ஏலாது.

*4. பாலைப்பழமும் கரடியும்.* யாத்திரை நடக்கிற காலம் பாலைப்பழக் காலம். எங்களுக்கும் விருப்பம், கரடிக்கு எங்களை விட விருப்பம். மரத்தில ஏறியிருந்தும் சாப்பிடும். கரடிக்குக் கண் பார்வை குறைவு. திடீரென்று கிட்டப் போனால் பயத்தில பாயும். பழம் பொறுக்க என்று பாதையை விட்டு உள்ள போகாதேங்கோ. பாலை மரத்தைக் கண்டால் முதலில் மேலயும் பாருங்கோ.

சிறுத்தை பெரும்பாலும் எங்களைக் கண்டு தானே போயிடும். எதிர்ப்பட்டால் ஓடாதேங்கோ, குனியாதேங்கோ. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பின்னுக்கு நடவுங்கோ. தனியா நிற்கிற காட்டெருமைக் கிடாவுக்கும் யானைக்குக் குடுக்கிற இடைவெளி வேணும்.

*5. ஆறு, குளம், முதலை.* வரட்சிக் காலத்தில தண்ணி வற்ற வற்ற, மிச்சம் இருக்கிற மடுவுக்குள்ளதான் முதலைகள் கூடும். ஆழமான, கலங்கின மடுவில இறங்காதேங்கோ. காவலில நிற்கிறவர்கள் காட்டுகிற இடத்தில, பகல் வெளிச்சத்தில, கூட்டமாக மட்டும் குளியுங்கோ. குடிக்கத் தண்ணி எடுக்கிற இடத்தில சவர்க்காரம் போடாதேங்கோ. அந்தத் தண்ணியை இரவில குடிக்கிற வாய்கள் வேற இருக்கு. மிருகங்கள் தண்ணிக்கு வாற தடத்தில படுக்கை விரிக்கவும் கூடாது.

*6. கற்பூரமும் அடுப்பும்.* காய்ஞ்ச புல்லு. ஒரு கற்பூரக் கட்டி போதும், காடு பத்தும். கண்ட மரத்தடியில எல்லாம் கொளுத்தாமல், மண் துப்புரவாக்கின இடத்தில கொளுத்தி, அணையும் வரைக்கும் பக்கத்தில நில்லுங்கோ. அடுப்பைத் தண்ணி ஊத்தி, மண் மூடி, கையால தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்ற பிறகு வெளிக்கிடுங்கோ.

*7. பொலித்தீன்.* அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த செய்தி 2022 இல் உலகம் முழுக்கப் போனது. உகந்தையும் அதே மாவட்டம்தான். சாப்பாட்டு வாசம் பிடிச்ச பை யானைக்கும் மானுக்கும் சாப்பாடுதான். குடலில அடைச்சால் மெல்ல மெல்லச் சாகும். பிஸ்கட் கடதாசி, தண்ணிப் போத்தல், சம்போ பக்கற்று, எல்லாம் திரும்ப உங்கட பையிலேயே வரவேணும். எங்கட குழுவில ஒவ்வொருத்தரும் ஒரு சாக்கு கட்டிக்கொண்டு போறம். மற்றவர்கள் போட்டதையும் பொறுக்குகிறோம். அதுவும் ஒரு காவடிதான்.

மயிலிறகு கிடந்தால்? கும்பிட்டுவிட்டு விட்டுவிடுங்கோ. பூங்காவுக்குள்ள இருக்கிறது எதையும் வெளிய எடுக்கக்கூடாது.

*பஸ்ஸில, ஜீப்பில வருகிறவர்களுக்கு*

புத்தல – கதிர்காமம் வீதியில யானைகள் வாகனத்தை மறிச்சு நிற்கிறதை வீடியோவில பார்த்திருப்பீங்கள். "பிள்ளையாருக்குக் குடுக்கிறம்" என்று நாங்கள் யன்னலால வாழைப்பழம் எறிஞ்சு பழக்கினதுதான் அது. பழகின யானை அடுத்த வாகனத்தின் யன்னலுக்குள்ள தும்பிக்கையை விடும். குடுக்காட்டிக் கோபிக்கும். ஒருநாள் யாருக்காவது காயம் படும். பிறகு "ஆபத்தான யானை" என்று அதைத்தான் பிடிச்சுக்கொண்டு போவார்கள். பழம் குடுத்தது நாங்கள், தண்டனை பிள்ளையாருக்கு! பழத்தைக் கோயிலில படையுங்கோ. வீதியில யன்னலைச் சாத்திக்கொண்டு, இடைவெளி விட்டுப் பொறுமையாக நில்லுங்கோ.

தரிசனம் முடிய யாலவுக்கு ஜீப்பில போகிறவர்களும் உண்டு. உள்ளுக்குள் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கோன் அடிக்கிறது, இறங்குறது, ஃபிளாஷ் போடுறது வேண்டாம். ஒரு சிறுத்தையைக் கண்டதும் இருபது ஜீப் ஓடிவந்து சுத்தி நிற்கிறது யாலவின் பெரிய பிரச்சினை. "கிட்டப் போங்கோ" என்று சாரதியை நெருக்குகிறது நாங்கள்தான். "பரவாயில்லை அண்ணை, தூரத்தில இருந்தே பாப்பம்" என்று நீங்கள் சொன்னால் அவருக்கும் நிம்மதி.

தமிழ்நாட்டில இருந்து வாசிக்கிற சொந்தங்களே, உங்களுக்கும் இதே பாடம்தான். மருதமலை அடிவாரத்துக்கு யானை வரும். வனத்துறை நேரக் கட்டுப்பாடு வைச்சால் அதை மதியுங்கோ. பழமுதிர்சோலையில குரங்குக்கு சிப்ஸ் பக்கற்றை நீட்டாதேங்கோ.

*குழுவாக இருந்து கதைக்க மூன்று கேள்விகள்*

1. எங்கட குழுவில முன்னுக்கு யார், கடைசியில யார், குப்பைச் சாக்குக்குப் பொறுப்பு யார்?
2. யானை நின்றால் "மௌனம்" என்று எல்லாருக்கும் சொல்லுகிற கை அடையாளம் என்ன?
3. ஒருத்தர் படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கினால், அவரைத் திருப்பிக் கூப்பிடுகிற துணிவு எங்களுக்கு இருக்கா?

மூன்றாவதைத்தான் கூட நேரம் கதையுங்கோ. அன்றைக்கு என்னை ஒருத்தர் கையைப் பிடிச்சு நிறுத்தியிருந்தால், அந்த அம்மம்மா மாணிக்க கங்கையில நடந்து போய் முழுகியிருப்பா.

அவ அடுத்த வருசம் வந்தா. கால் கொஞ்சம் தாண்டித் தாண்டித்தான் நடந்தா. காட்டுக்குள்ள அவவின் மூட்டையை நான்தான் சுமந்தேன். அந்தக் குளக்கரை வந்ததும் நின்று, தூரத்தில நின்ற யானைகளைப் பார்த்துக் கை கூப்பினா. சத்தமில்லாமல்தான். நானும் கூப்பினேன்.

இந்த முறை போகிற ஒவ்வொரு குழுவுக்கும் இதை அனுப்பி விடுங்கோ. வேலும் மயிலும் துணை.

கதிர்காமக் கந்தனுக்கு அரோகரா! 🦚🙏