விலை வீழ வேண்டுமென எண்ணலாமா? – அபத்தியானம் பற்றிய பாடம்

இல்லறத்தார் மேற்கொள்ள வேண்டிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதமும் ஒன்றாகும். பயனின்றிப் பாவத்தை ஈட்டித் தரும் செயல்களை விலக்குதல் என்பது அதன் பொருள். பாவோபதேசம், இம்சாதானம், அபத்தியானம், துச்சுருதி, பிரமாதசரியை என அவ்வனர்த்த தண்டம் ஐவகைப்படும். சமந்தபத்திராசாரியார் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இதனை எடுத்தோதுகின்றன. இவ்வைந்தனுள் அபத்தியானம் ஒன்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம். அதற்குக் காரணம் உண்டு. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து நம் குடும்பங்களில், நெல்லும் மணிலாவும் கரும்பும் பேசப்பட்ட திண்ணைகளில் இப்போது பங்குச் சந்தை பேசப்படுகிறது. “சந்தை சரியப் போகிறது, அதில் பணம் பண்ணலாம்” என்று இளைஞர்கள் கைப்பேசியைக் காட்டிக் கூறுகின்றனர். திருமணப் பந்தியிலும் இதே பேச்சுத்தான்.

பிறர்க்கு வெற்றி தோல்வியோ, கொலையோ, சிறைப்பாடோ, உறுப்பிழப்போ, பொருளிழப்போ எவ்வாறு நேரும் என மனத்தால் சிந்தித்தலே அபத்தியானம் எனப் பூச்சியபாதர் சர்வார்த்தசித்தியில் விளக்குகிறார். இங்கே ‘மனத்தால்’ என்னும் சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். கை ஒன்றும் செய்யாதபோதும் வினை வந்து சேர்கிறது என்பது கருத்து.

வீழ்ச்சியில் ஆதாயம் வருவது எவ்வாறு? முண்டியம்பாக்கத்து வணிகர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் கிடங்கில் மணிலா ஒரு மூட்டையும் இல்லை. ஆயினும் அடுத்த மாதம் பத்து மூட்டை தருவதாகவும், மூட்டைக்கு ரூ.6,000 பெறுவதாகவும் ஒப்புக்கொள்கிறார். அடுத்த மாதம் விலை ரூ.5,000 ஆனால், அவ்விலைக்கு வாங்கிக் கொடுத்து ரூ.10,000 மீத்துக்கொள்வார். விலை ரூ.8,000 ஆனாலோ ரூ.20,000 கைப்பொருள் இழப்பார். விலை எவ்வளவு இறங்கினாலும் சுழியத்தோடு நின்றுவிடும். ஏற்றத்திற்கோ எல்லை இல்லை. ஆகவே அவருக்கு வரக்கூடிய ஆதாயம் அளவுடையது, இழப்பு அளவற்றது. பங்குகளில் நடப்பதும் இதுவே. இவ்வாறு விற்போரைக் ‘கரடிகள்’ என்பர். வடநாட்டு வணிகர் விலையிறக்கத்தை ‘மந்தி’ என்பர். (நம் மொழியில் அச்சொல் குரங்கைக் குறிப்பது தற்செயலே எனினும் பொருத்தமில்லாமல் இல்லை.)

சந்தை சரிந்த வரலாற்றில் சமணர் ஒருவர் பெயர் பெரிதாக நிற்கிறது. சூரத்தைச் சேர்ந்த பிரேம்சந்த் ராய்ச்சந்த் (1831–1906) பம்பாயின் பருத்தி அரசர் எனப்பட்டவர். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அந்நாட்டுப் பருத்தி தடைப்படவே, இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயில் பொன் கொழித்தது. வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் நாள்தோறும் தோன்றின. அவற்றின் பங்குகளைத் தவணை ஒப்பந்தங்களில் வாங்கிக் குவித்தனர். 1865 ஏப்ரலில் தென் மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். பருத்தி விலை இறங்கிற்று. 1865 ஜூலை 1ஆம் நாள் ஒப்பந்தங்கள் முதிர்ந்தபோது பணம் கொடுப்பார் எவரும் இலர். ரூ.2,850 வரை ஏறியிருந்த பம்பாய் வங்கிப் பங்கு ரூ.87க்கு விலைபோயிற்று. 1868இல் அவ்வங்கியே மூடப்பட்டது. பிரேம்சந்தும் பெரும்பொருள் இழந்தார். அவர் கொடையாக அளித்தது மட்டும் அழியவில்லை. 1878இல் கட்டி முடிக்கப்பட்ட பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இராஜாபாய் மணிக்கூண்டு அவருடைய அன்னையார் பெயரைத் தாங்கி நிற்கிறது. பார்வையற்ற அவ்வம்மையார் இரவுண்ணாமை விரதம் பிறழாதிருக்க, அம்மணியோசை பொழுதறிவித்ததாகக் கூறுவர்.

பிரேம்சந்த் ஏற்றத்தை நம்பி வீழ்ந்தவர். பிறர் கெடுதலை வேண்டியவர் அல்லர். பரிக்கிரக பரிமாணம், அதாவது பொருளுக்கு வரம்பு கட்டும் ஐந்தாம் அணுவிரதம், அவர் வாழ்வைக் கொண்டு பயிலத்தக்கது. அவ்விரதத்திற்கு இச்சா பரிமாணம் என்ற பெயரும் உண்டு. பொருளுக்கு அன்று, ஆசைக்கே அளவு!

இனி, வீழ்ச்சி வரும் என எதிர்நோக்குவதே குற்றமோ எனின், அன்று. வயலில் மணிலா விளைந்து நிற்கும் உழவர், அறுவடையில் விலை குறையலாம் என அஞ்சி முன்னரே ஒரு விலை பேசிக்கொள்ளலாம். மகள் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தைச் சந்தையிலிருந்து மீட்டு அஞ்சலகத்தில் இடும் தந்தையும் அறிவுடையவரே. இருவரும் தம் பொருளைக் காத்துக்கொள்கின்றனர். விலை இறங்கவில்லையாயின் வருந்தார். தம்மிடம் இல்லாததை விற்றவரோ இரவெல்லாம் விழித்திருந்து வெளிநாட்டுச் சந்தைகளை நோக்குவார். போர்ச் செய்தி அவருக்கு நற்செய்தி. 2020 மார்ச் 23 அன்று, தொற்றுநோய் அச்சத்தால் சென்செக்ஸ் ஒரே நாளில் ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. அந்நாளில் மகிழ்ந்தவரின் பரிணாமம் யாதாயிருந்திருக்கும்? வினை பரிணாமத்தைப் பற்றியே கட்டுகிறது என்பதை நாம் சிறுவர்க்கும் கற்பிக்கிறோமே.

இவ்வளவு மனக்கேட்டிற்கும் ஈடாக ஆதாயமேனும் உண்டா? முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனியாரின் கணக்கைப் பங்குச் சந்தை ஒழுங்காணையமாகிய செபி ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் முடிவை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் இழந்தோரே. இழப்பு ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ ரூ.2 இலட்சம், மொத்தம் ரூ.1.8 இலட்சம் கோடிக்கு மேல். ஏற்றத்தை வேண்டியோரும் இறக்கத்தை வேண்டியோரும் இக்கணக்கில் அடங்குவர்.

தரகு நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். கணக்குகளை ஆய்ந்து, “விலை மிகுந்துள்ளது, குறையக்கூடும்” என வாடிக்கையாளர்க்கு உள்ளவாறு உரைத்தல் குற்றமாகாது. தாம் முன்னரே விற்றுவைத்துவிட்டு, விலை இறங்கும்பொருட்டு ஒரு நிறுவனத்தைப் பற்றிப் பொய்யுரை பரப்புவாராயின், அங்கே அபத்தியானத்தோடு வாய்மை விரதமும் கெடுகிறது. செபியின் 2003ஆம் ஆண்டு மோசடித் தடுப்பு விதிகளின்படி அது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.