சாக்லேட் பட்டையும் அடக்க விலையும்

பண்டிகைக் காலங்களில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் வாடிக்கையாளர்கள் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு ஏற்ற எளிய வகை சாக்லேட் பட்டை. இதற்கு அச்சுகள் தேவையில்லை. உருக்கித் தகடாகப் பரப்பி, பருப்பும் உலர்பழமும் தூவி, இறுகியபின் துண்டுகளாக உடைத்தால் போதும்.

முதலில் செய்முறையைக் காண்போம். 400 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்குக. அதில் முக்கால் பங்கை, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் 45 டிகிரி செல்சியஸ் வரை உருக்குக. சிறிது நீர் பட்டாலும் சாக்லேட் கட்டிதட்டிவிடும். இறக்கியபின் எஞ்சிய கால் பங்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறி, 31 அல்லது 32 டிகிரிக்கு ஆறவிடுக. இவ்வாறு பதப்படுத்தினால் கோகோ வெண்ணெய் சீரான படிகங்களாக இறுகும். பட்டையும் பளபளப்பாக இருக்கும். இல்லையேல் வெண்திட்டுகள் படரும். பின்னர் பட்டர் பேப்பரில் பரப்பி, வறுத்து ஆறவைத்த பாதாம், முந்திரி 100 கிராம், உலர்திராட்சை 100 கிராம் தூவுக.

காம்பவுண்ட் கட்டிக்கு இப்பதம் வேண்டியதில்லை, விலையும் குறைவு. ஆனால் அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு உள்ளது. அதனைச் சாக்லேட் என்று சொல்லி விற்பது முறையன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டிற்காகக் கொள்ளப்பட்டவை. சாக்லேட் ரூ.320, பருப்பு ரூ.90, திராட்சை ரூ.50, பொட்டலம் ரூ.60, எரிவாயு ரூ.20, ஆகமொத்தம் ரூ.540. 100 கிராம் கொண்ட ஆறு பொட்டலங்கள் கிடைக்கும். ஒன்றின் செலவு ரூ.90. ரூ.100-க்கு விற்றால் ரூ.10 இலாபம் என்று தோன்றும். ஆனால் ஒன்றரை மணி நேர உழைப்புக்கு ரூ.150 கூலி சேர்த்தால் அடக்க விலை ரூ.115 ஆகிறது. உண்மையில் ஒவ்வொரு பொட்டலத்திலும் ரூ.15 நட்டம். அந்த நட்டத்தைத் தம் கூலியிலிருந்து ஈடுசெய்பவர் வீட்டுப் பெண்மணியே. உடைந்து வீணாகும் தூளும், கோடையில் உருகிக் கெடும் சரக்கும் இதில் சேரவில்லை.

விற்பனைக்குமுன் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவைப் பெறுதல் அவசியம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை பிணையமின்றிக் கடன் பெறலாம். எனினும் அடக்க விலைக்குக் கீழே விற்கும் தொழிலுக்குக் கடன் சேர்ந்தால், விற்பனையோடு நட்டமும் பெருகும். ஆகவே விண்ணப்பத்தை நிரப்புமுன், தம் உழைப்பின் கூலியை முதல் வரியில் எழுதிக் கணக்கிடுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.