வாரச் சாமான்: எந்தக் கடையில் வாங்குவது இலாபம்?

மீள்குடியேறப் போகும் குடும்பத்துக்கு வீடு, காணி, பிள்ளைகளின் பாடசாலை என்று யோசிக்க நிறைய இருக்கிறது. ஆனால் கையிலுள்ள காசு சத்தமில்லாமல் கரைவது சாப்பாட்டுச் சாமானில்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம், பாலாவி, நுரைச்சோலை, ஆலங்குடா, கற்பிட்டி என்று வாழ்ந்துவரும் உங்களுக்கு, இங்கே எந்தக் கடையில் எது மலிவு என்பது மனப்பாடம். மன்னாருக்கோ முசலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனதும் கடைகளும் மாறும், தூரமும் மாறும். ஒப்பிடும் முறை மட்டும் மாறாது. அந்த முறையைப் புறப்படும் முன்பே இங்கே பழகிக்கொள்வோம்.

1. எந்தக் கடையில் என்ன வசதி?

ஊர்க் கடையில் வேண்டிய அளவு வாங்கலாம். நூறு கிராம் பருப்பும் கிடைக்கும், கடன் கொப்பியும் உண்டு. வாரச் சந்தையில் மரக்கறியும் வெங்காயமும் புதிதாக இருக்கும், பேரம் பேசலாம். சதொச அரசாங்கத்தின் விற்பனை நிலையம். அரிசி, சீனி, பருப்பு போன்றவற்றுக்கு அங்கே விலை குறைக்கப்படும் காலங்கள் உண்டு. கூட்டுறவுக் கடையையும் மறக்க வேண்டாம். கார்கில்ஸ் ஃபுட் சிட்டி போன்ற சுப்பர் மார்க்கட்டில் விலை எழுதியிருக்கும், திகதி பார்த்து எடுக்கலாம், பில் கிடைக்கும். ஆனால் கடன் கிடையாது. தேவையில்லாததும் கூடைக்குள் விழும்.

எல்லாச் சாமானுக்கும் மலிவான ஒரே கடை என்று ஒன்று இல்லை. சாமான் சாமானாகப் பார்க்க வேண்டும்.

2. ஒரே அளவுக்கு மாற்றுங்கள்

கீழேயுள்ள விலைகள் கணக்குக்காக மட்டுமே.

தேங்காய் எண்ணெய் ஊர்க் கடையில் ஒரு போத்தல் 600 ரூபாய். சுப்பர் மார்க்கட்டில் ஒரு லீற்றர் 760 ரூபாய். ஊர்க் கடை மலிவு போலத் தெரிகிறது. ஆனால் போத்தல் என்பது 750 மில்லிலீற்றர். 600ஐ மூன்றால் பிரித்து நான்கால் பெருக்கினால் லீற்றர் 800 ரூபாய் வருகிறது. இங்கே சுப்பர் மார்க்கட்தான் மலிவு.

பருப்பைப் பாருங்கள். சுப்பர் மார்க்கட்டில் 500 கிராம் பைக்கற்று 160 ரூபாய், அதாவது கிலோ 320. ஊர்க் கடையில் நிறுத்துத் தருவது கிலோ 300. இங்கே ஊர்க் கடை மலிவு.

பெரிய பைக்கற்று எப்போதும் மலிவு என்று நம்பிவிட வேண்டாம். அதையும் கிலோவுக்கு மாற்றிப் பார்த்த பிறகே எடுங்கள்.

3. தரத்தையும் விலையோடு சேருங்கள்

ஈர வெங்காயம் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாக இருக்கலாம். வாரம் முடியுமுன் கால்பங்கு அழுகினால் அது மலிவல்ல. கருவாடும் அப்படித்தான். சரியாகக் காயாத கருவாட்டில் தண்ணீரையும் உப்பையும் சேர்த்து நிறுத்து வாங்குகிறோம். தேங்காய் எண்ணிக்கையில் விற்கப்படுவதால் கையில் தூக்கி, ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

புத்தளம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு உப்பு ஒரு பெரிய செலவாகத் தெரியாது. ஆனாலும் கறிக்கு அயடீன் சேர்த்த பைக்கற்று உப்பையே வாங்குங்கள். கழலை வராமலிருக்கவும், வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கும் அயடீன் தேவை. வெறும் உப்பளத்து உப்பைக் கருவாடு போட வைத்துக்கொள்ளலாம்.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் முதலில் காலாவதித் திகதியைப் பாருங்கள். அதற்குள் முடிக்கக்கூடிய அளவு என்றால் மட்டும் எடுங்கள்.

4. பஸ் காசும் விலைதான்

டவுனில் வாங்கினால் முழுச் சாமானிலும் 380 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். போகவர பஸ்ஸுக்கு 200, மூட்டையோடு வீட்டுக்கு வர ஆட்டோவுக்கு 300. மொத்தம் 500. மிச்சம் பிடிக்கப் போய் 120 ரூபாய் நட்டம். அரை நாள் கூலி போனால் அதையும் சேருங்கள்.

புதிய இடத்தில் டவுன் இன்னும் தூரமாக இருக்கலாம். ஆகவே பிரதேச செயலகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும் நாளில் கெட்டுப்போகாத சாமானை மொத்தமாக வாங்குங்கள். அல்லது நாலு குடும்பம் சேர்ந்து ஒருவரை அனுப்புங்கள். மற்றதை ஊரில் வாங்கலாம்.

5. கடன் கொப்பி

ஊர்க் கடைக்காரர் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட எடுத்தாலும், கையில் காசில்லாத நாளில் அரிசி தருபவர் அவர்தான். போகும் ஊரில் உங்களைத் தெரிந்த கடைக்காரர் இருக்கமாட்டார். முதல் மாதங்களில் சிறிதளவாவது அங்கே காசு கொடுத்து வாங்கிப் பழகுங்கள். கடன் வாங்கத் தொடங்கினால் உங்களிடமும் ஒரு கொப்பி இருக்கட்டும். திகதி, சாமான், அளவு, விலை நான்கையும் அன்றன்றே எழுதி, கடைக்காரரின் கொப்பியோடு ஒத்துப் பாருங்கள். மீள்குடியேற்ற உதவிப் பணத்தை மொத்தமாகப் பழைய கடனுக்குக் கொடுக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

6. உங்கள் உரிமை

பைக்கற்றில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். கடையில் விலைப்பட்டியல் தெரியும்படி இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தரவும் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள். பழுதான உணவு விற்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். சாமானையும் பில்லையும் எறிந்துவிட வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரு கொப்பியில் பத்துச் சாமான்களை எழுதுங்கள்: அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா, தேங்காய் எண்ணெய், பால்மா, தேயிலை, வெங்காயம், உப்பு, சவர்க்காரம். பக்கத்தில் மூன்று கடைகளுக்கு மூன்று நிரல் போடுங்கள். கிலோ அல்லது லீற்றர் விலையை மட்டும் எழுதுங்கள். கணக்குப் போடப் பாடசாலை போகும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் இங்கே எழுதினால் கை பழகிவிடும். ஊருக்குப் போன முதல் வாரத்தில் கடைகளின் பெயரை மாற்றி, புதுப் பக்கத்தில் மறுபடி தொடங்குங்கள்.