மலை ஏறும் வண்டியும் தானே மாறும் கியரும்



சென்ற மாதம் செம்மேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என் மண்டிக்கு வந்தார். சரக்குப் பேச்சு முடிந்ததும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: “ஐயா, ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பிக்கப் வண்டி வாங்கலாம் என்று இருக்கிறேன். கிளட்ச் மிதிக்கவே வேண்டாமாம். 160 குதிரைத் திறனாம். எழுபது வளைவும் அதற்கு ஒரு பொருட்டே இல்லையாம். வாங்கலாமா?”

“ஆகட்டும்” என்றோ “வேண்டாம்” என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வி நம்மில் பலருக்கும் இருக்கும். ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே பாடமாக எழுதுகிறேன். நான் பொறியாளன் அல்ல. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஏற்றி அனுப்பி, மலையிலிருந்து மிளகு, காப்பிக்கொட்டை, வாழை, பலா இறக்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதில் லாபத்தோடு கற்றதும் உண்டு. நஷ்டப்பட்டுக் கற்றதும் உண்டு.

குதிரைத் திறனை மூட்டையில் கணக்கிடுவோம்

குதிரைத் திறன் என்ற சொல்லைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைத் திறன். நமக்குப் பழக்கமான 75 கிலோ மூட்டையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலை மேல் சோளக்காடு போய்ச் சேர ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன் என்றால் அது 40 மூட்டை. நாற்பது மூட்டையை ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 நொடியில், ஆயிரம் மீட்டர் மேலே தூக்கக் கணக்குப் போட்டால் 11 குதிரைத் திறன் வருகிறது. டயர் உரசல், காற்றுத் தடை, கியர் பெட்டியில் வீணாவது எல்லாம் சேர்த்தாலும் சராசரியாக இருபதுக்குள் அடங்கிவிடும்.

இப்போது வண்டிகளைப் பாருங்கள். 2005-ல் வந்த டாடா ஏஸ் 16 குதிரைத் திறன் கொண்டது. தனக்குரிய குறைந்த பாரத்தோடு அதுவும் மெல்ல மெல்ல மலை ஏறியது. மஹிந்திரா பொலிரோ பிக்கப்புக்கு 75. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2021-ல் வந்த வடிவில் 163. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-ல் நம் நாட்டுக்கு வந்தபோது 204. இருபதே போதும் என்னும்போது இருநூறு எதற்கு? வேகத்துக்கும், நெடுஞ்சாலையில் முந்திச் செல்வதற்கும் அது உதவும். பாரம் ஏற்றி மலை ஏறுகிறவனுக்கு முதல் கேள்வி வேறு.

திறன் இருந்தும் வண்டி ஏன் திணறுகிறது?

75 குதிரைத் திறன் வண்டியும் சில நேரம் வளைவில் நின்றுவிடுகிறதே, ஏன்? காகிதத்தில் அச்சிட்டிருக்கும் அந்த 75 எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்று சுற்றும்போது கிடைப்பது. அதே எஞ்சின் 1,000 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும்போது அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் கைக்கு வரும். டர்போ உள்ள டீசல் எஞ்சினில் சுற்று குறைந்தால் டர்போவும் தூங்கிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் கரும்புகைதான் மிச்சம்.

இங்கேதான் கியர் வருகிறது. நூறு கிலோ மூட்டையை ஒரே நடையில் மாடிக்குத் தூக்க முடியாதவன், பத்துப் பத்து கிலோவாகப் பிரித்துப் பத்து நடையில் ஏற்றிவிடுவான். நடை கூடும், ஒவ்வொரு நடையின் பாரம் குறையும். கியரின் வேலையும் இதுவே. கீழ் கியரில் எஞ்சின் பல முறை சுற்றும், சக்கரம் மெல்லச் சுற்றும், ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவை பல மடங்காகும். ஆகவே மலையில் வண்டி இழுக்கவில்லை என்றால் எஞ்சினைக் குறை சொல்லும் முன் எந்த கியரில் இருக்கிறோம் என்று பாருங்கள்.

உயரம் ஏற ஏறக் காற்றும் மெலிகிறது. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சின் அந்த அளவுக்குத் திறனை இழக்கும். டர்போ உள்ள எஞ்சின் அதைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

தானே மாறும் கியர் எப்படி வேலை செய்கிறது?

இது புதுச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-லேயே ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இதைக் கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டுப் பிக்கப் வண்டிகளுக்குத்தான் தாமதமாக வந்தது. வி-கிராஸில் ஆட்டோமேட்டிக் கிடைத்ததே 2019-ல்தான்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுற்றும். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இரண்டு விசிறிகள் ஆயிலுக்குள் இருக்கின்றன. எஞ்சின் ஒன்றைச் சுற்ற, ஆயில் மற்றதைச் சுற்றுகிறது. நின்ற வண்டி புறப்படும்போது இது இழுவையை ஏறத்தாழ இரு மடங்காக்கித் தரும். சரக்கோடு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் கருகும் நாற்றம் இதில் வராது. இது பெரிய நன்மை, மறுக்க முடியாது.

ஆனால் ஆயில் வழியாக வழுக்கி வழுக்கிச் செல்லும் திறனில் ஒரு பகுதி சூடாக மாறுகிறது. மெதுவாக, பாரத்தோடு, நீண்ட நேரம் ஏறும்போது அந்த ஆயில் கொதிக்கத் தொடங்கும். மலை வேலைக்கு இந்த வண்டி வாங்குகிறவர் கியர் ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. வழக்கமான கிளட்ச், வழக்கமான கியர் பெட்டி, ஆனால் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி இயக்கும். ஏ.எம்.டி. என்பார்கள். விலை குறைவு. ஆனால் இதில் கிளட்ச் இருக்கிறது என்பதை மறந்து, ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் கிளட்சைத் தீய்த்துவிடுவார்கள்.

வண்டிக்கு வளைவு தெரியாது

கியரை எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கணிப்பொறி. அதற்குத் தெரிந்தவை முக்கியமாக மூன்று: நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள், எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது. அடுத்த இருபது அடியில் கொண்டை ஊசி வளைவு இருப்பது அதற்குத் தெரியாது.

என் மகன் இப்படி ஒரு வண்டி வாங்க ஆசைப்பட்டபோது, தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு நானும் உடன் போனேன். வளைவுக்கு முன் ஓட்டுநர் காலை எடுத்தார். ‘அவசரமில்லை போலும்’ என்று நினைத்து வண்டி மேல் கியருக்குப் போனது. வளைவுக்குள் திரும்பி மிதித்தார். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு இரண்டு கியர் ஒரேயடியாக இறங்கி உறுமிக்கொண்டு பாய்ந்தது. வளைவு தாண்டியதும் மீண்டும் மேலே, அடுத்த வளைவில் மீண்டும் கீழே. பத்து வளைவுக்குள் எனக்கே தலை சுற்றியது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

அந்த வண்டியில் கியர்க் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் கூட்டல், கழித்தல் குறிகள் இருந்தன. கையால் கியரைத் தேர்ந்து பிடித்து வைக்கும் ஏற்பாடு அது. வளைவுக்கு வளைவு இரண்டில் வை என்றேன், செங்குத்தான வளைவில் ஒன்றுக்கு இறக்கச் சொன்னேன். அதன் பிறகு வண்டி உறுமவில்லை, பாயவில்லை. தேர் போல ஏறியது. அதே எஞ்சின், அதே சரக்கு. ஓட்டுகிறவர் தனக்குத் தெரிந்ததை வண்டிக்குச் சொன்னார், அவ்வளவே.

சில புதிய வண்டிகள் ஏற்ற இறக்கத்தை உணர்ந்து கியரைப் பிடித்து வைக்கின்றன. நல்லதுதான். ஆயினும் ஏற்றம் வந்த பிறகுதான் அவை உணரும். வருவதற்கு முன் உணர்வது மனிதக் கண் ஒன்றே.

ஏறுவதைவிட இறங்குவதே பாடம்

இதுவரை சொன்னது டீசல் கணக்கு. இனிச் சொல்வது உயிர்க் கணக்கு.

மேலே ஏற்றிய 3 டன்னைக் கீழே இறக்கும்போது, ஏற்றச் செலவழித்த ஆற்றல் எல்லாம் சூடாக வெளியே போயாக வேண்டும். அது ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் மின் அடுப்பு எட்டு மணி நேரம் எரிந்தால் வரும் சூடு! டயர் உரசலும் காற்றும் ஒரு பங்கைத் தின்னும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையேல் பிரேக் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டினால் முதலில் நாற்றம் வரும், பிறகு புகை வரும், பிறகு பெடல் பஞ்சு போல உள்ளே போகும். அதற்குப் பிறகு தெய்வம்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், டீசல் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஓட்டுநர்களிடம் ஓயாமல் சொல்வேன். ஒருவர் என் சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே பலா லோடோடு நியூட்ரலில் இறங்கினார். பாதி மலையில் பிரேக் கைவிட்டது. நல்லவேளையாக அவர் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச் சுவரில் வண்டியை மோதி நிறுத்தினார். வண்டியைச் சரி செய்துவிட்டேன். அவர் காலைச் சரி செய்ய முடியவில்லை. இன்றும் அவர் சாய்ந்து நடப்பதைக் காணும்போதெல்லாம், அன்று நான் மிச்சம் பிடித்த டீசல் எவ்வளவு என்று மனம் கேட்கும்.

உண்மையில் மிச்சமே இல்லை. கியரில் வைத்து, ஆக்சிலேட்டரில் காலை எடுத்து இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசலையே நிறுத்திவிடுகின்றன. சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். ஆக நியூட்ரலில் இறங்குவது பணத்துக்கும் நஷ்டம், உயிருக்கும் ஆபத்து.

பழைய ஓட்டுநர்கள் ஒரு விதி சொல்வார்கள்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதே விதிதான். ‘டி’-யில் போட்டுவிட்டுக் காலை எடுத்தால் பல வண்டிகள் மேல் கியருக்கு ஓடிவிடும், எஞ்சினின் பிடிப்பு தளர்ந்துவிடும். கையால் கியரை இறக்கிப் பிடித்து வையுங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், மிதித்தபடியே வராதீர்கள்.

வாங்கும் முன்

செம்மேட்டுத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். முதலில் அந்த வண்டி சரக்கு வாகனமாகப் பதிவாகுமா, ஏற்ற அனுமதிக்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள். குதிரைத் திறன் இரட்டிப்பாக இருந்தும், பின் பெட்டியில் ஏற்ற அனுமதிக்கும் எடை சாதாரணச் சரக்குப் பிக்கப்பைவிடக் குறைவாக இருக்கும் வண்டிகள் உண்டு. நமக்குக் கூலி கொடுப்பது எடைதான். அளவு மீறி ஏற்றினால் 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், மேலும் கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு நடை லாபம் ஒரு வருடத்துக்குக் கண்ணில் தெரியாது.

இரண்டாவது, கையால் கியரைப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவது, சரக்கு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டியில் நெடுஞ்சாலை ஓட்டம் நமக்குச் சான்று ஆகாது. முழங்கால் வலி உள்ளவருக்கும், நெரிசலில் நாள் முழுதும் நின்று நின்று போகிறவருக்கும் ஆட்டோமேட்டிக் நல்ல துணை. வாரம் ஒரு நடை மலைக்கு மளிகை ஏற்றுகிறவருக்கு நல்ல கைக் கியர் பிக்கப்பே போதும் என்பது என் கருத்து.

நினைவில் வைக்க

1. மலையில் முதலில் பார்க்க வேண்டியது பாரமும் கியரும். குதிரைத் திறன் பிறகு.
2. வளைவுக்குள் நுழையும் முன்பே கியரை இறக்குங்கள்.
3. ஆட்டோமேட்டிக் ஆனாலும் மலையில் கியரைக் கையால் பிடித்து வையுங்கள்.
4. நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள்.
5. குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். சாலை விதியும் அதுவே.
6. பிரேக் நாற்றம் வந்தால் உடனே ஓரம் கட்டி ஆற விடுங்கள். சரக்கு அரை மணி தாமதமாக வரட்டும்.

கடைசியாக முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டுநரிடம் ‘சீக்கிரம் வா’, ‘டீசல் பார்த்து வா’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். ‘பார்த்து வா’ என்று மட்டும் சொல்லுங்கள். நான் அதைக் கற்றுக்கொள்ள ஒருவர் கால் தேவைப்பட்டது. உங்களுக்கு இந்தக் கட்டுரையே போதுமானதாக இருக்கட்டும்.