நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்

அழுகிய முட்டையை எப்போதாவது முகர்ந்திருக்கிறீர்களா? "ஐயோ, என்ன நாத்தம் இது!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பீர்கள். அந்த நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு. (பேசும்போது 'நாத்தம்' என்கிறோம், எழுதும்போது 'நாற்றம்'. பழைய தமிழில் பூவின் நறுமணத்தையும் நாற்றம் என்றுதான் சொன்னார்கள்!)

முட்டையிலிருந்து வருவது மிகக் கொஞ்சம். ஆனால் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இந்த வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

"நாத்தம் வந்தா தெரிஞ்சுடுமே. உடனே வெளியே ஓடிடலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். காற்றில் இந்த வாயு அதிகமானால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதுபோல் தோன்றும். "அப்பாடா, போயிடுச்சு" என்று நினைத்து உள்ளேயே நிற்பவர் மயங்கி விழுவார். கார்பன் மோனாக்சைடு இன்னும் மோசம். அதற்கு மணமே கிடையாது.

அந்தக் காலத்தில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கேனரி என்ற சிறிய குருவியைக் கூண்டில் கொண்டுபோவார்கள். நச்சு வாயு இருந்தால் மனிதருக்கு முன்பே குருவி மயங்கிவிடும். பாவம் அந்தக் குருவி!

இன்று ஆய்வுக்கூடத்தில் குருவி தேவையில்லை. பென்சில் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் போதும். அதன் இரண்டு முனைகளும் மூடியிருக்கும். உள்ளே வெள்ளைத் துகள்கள். வெளியே, அளவுகோலில் இருப்பதுபோல் எண்கள்.

முதலில் இரு முனைகளையும் உடைப்பார்கள். பிறகு குழாயைக் கைப்பம்பில் செருகுவார்கள். பம்பை ஒருமுறை இயக்கினால், 100 மில்லிலிட்டர் காற்று குழாய் வழியாக உள்ளே வரும். அந்தக் காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால், துகள்களில் பூசியுள்ள ஈயச் சேர்மத்தோடு அது வினைபுரியும். வெள்ளை பழுப்பாகும். வாயு அதிகமாக இருந்தால் பழுப்பு நிறம் நீளமாகப் பரவும். நிறம் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் அளவு. 10 என்றால், காற்றின் பத்து லட்சம் பங்கில் அந்த வாயு 10 பங்கு. இவ்வளவு சின்ன அளவையும் கண்ணால் பார்த்துவிடலாம்!

இந்த நிறமாற்றம் உங்கள் வீட்டிலும் நடக்கிறது. ஆரத்தித் தட்டில் தண்ணீர் ஏன் சிவப்பாக இருக்கிறது? பாட்டி மஞ்சள்தூளில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்திருப்பார். சுண்ணாம்பு ஒரு காரம். (மிளகாய்க் காரம் இல்லை! அமிலத்துக்கு எதிரான பொருளையும் 'காரம்' என்போம்.) காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அம்மோனியா வாயுவும் காரம்தான். அதைக் கண்டுபிடிக்கும் குழாய் ஒன்றில் மஞ்சள் நிறத் துகள்கள் நீலமாகும். பாட்டியின் தட்டிலும் அந்தக் குழாயிலும் நடப்பது கிட்டத்தட்ட ஒரே வேலை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒவ்வொரு வாயுவுக்கும் தனிக் குழாய் உண்டு. அம்மோனியாக் குழாயை வைத்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடைத் தேடினால் நிறம் மாறாது. "நிறம் மாறல, காற்று சுத்தம்" என்று உள்ளே போனால் என்ன ஆகும்? காலாவதியான குழாயும் இப்படித்தான் ஏமாற்றும். அதனால், குழாயை உடைக்கும் முன் அதன் மேல் எழுதியிருக்கும் வாயுவின் பெயரையும் தேதியையும் படிப்பார்கள்.

சொற்பொருள்
வாயு – காற்றைப் போன்ற பொருள்
கசிதல் – சிறிது சிறிதாக வெளியேறுதல்
மரத்துப்போதல் – உணர்ச்சி இல்லாமல் போதல்
காலாவதி – பயன்படுத்தும் காலம் முடிந்த நிலை

செய்து பாருங்கள்
வெள்ளைத் தாளில் மஞ்சள்தூள் கரைசலைத் தடவிக் காயவையுங்கள். அதன் மேல் சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். பிறகு வேறோர் இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. எங்கே நிறம் மாறியது?

பேசுங்கள்
நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் ஏன் பயப்பட வேண்டும்? உங்கள் நண்பருக்குப் பேச்சுத்தமிழில் சொல்லுங்கள்.